பால் ரசீதில் இன்னொரு எண் வேண்டும்: குமரி மாவட்டப் பால் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துப் பால் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பால் பரிசோதிப்பவர்கள், கால்நடை மருந்தகங்களில் இருக்கும் டாக்டர்மார் எல்லாருக்கும்,

வணக்கம். திருவட்டாறு பக்கத்தில் மூன்று ஜெர்சிக் கலப்புப் பசுக்களையும் ஒரு கிடாரியையும் வளர்ப்பவள் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். பத்தொன்பது வருடமாக அந்தப் படிப்புக்கு அடுக்களையிலும் மாட்டுத் தொழுத்திலும் வேலை இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் அது திடீரென்று தேவைப்பட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான், ரசீதில் பாலின் யூரியா அளவையும் போடுங்கள் என்று நான் கேட்க வந்ததைக் கேட்க முடியும்.

என் மூத்த பசு அப்போது மூன்றாவது கன்று போட்டிருந்தது. பத்து லிட்டர் கறந்தது. தீவனக் கடையில் இருந்த பெரியவர் அக்கறையோடுதான் சொன்னார்: "மக்களே, புரதம் கூடுனா பால் கூடும், அவ்வளவுதானாக்கும். இருபது சதவீதப் புரத மூட்டைய விட்டுட்டு இருபத்திரெண்டு மூட்டைய எடு. ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கும் ஊற வச்சுக் குடு." நான் அதோடு நிற்கவில்லை. வேலியில் நின்ற அகத்தியையும் தினம் ஒரு கட்டு ஒடித்துப் போட்டேன். பால் அரை லிட்டர் கூடியது. பிறகு அங்கேயே நின்றுவிட்டது. கூடியது வேறொன்று. விடியற்காலையில் தொழுத்தின் படலைத் திறந்தால் கண் எரியும். சாணம் கட்டியாக விழாது, தண்ணீராகச் சிதறும். சினை ஊசி மூன்று தடவை போட்டும் நிற்காமல் இருபத்தொரு நாளில் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தது.

அந்த நாட்களில் நான் பால் ஊற்றிய இடத்தில் ஒரு நாள் பாலைச் சோதனைக் குழாயில் எடுத்து மருந்து விட்டுப் பார்த்தார்கள். பெயர் வேண்டாம், அந்த இடத்துக்கு நான் இப்போது போவதுமில்லை. பால் மஞ்சளானது. "யூரியா கலந்திருக்கு" என்றார் அங்கே நின்ற பையன். வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். என் பாலைத் திருப்பி என் பாத்திரத்திலேயே ஊற்றினார்கள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் நினைத்தது இதுதான்: வாழைக்கு வாங்கி வைத்த யூரியா மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை, பின்னே பாலில் எங்கிருந்து வந்தது?

பசுவிடமிருந்தே வந்தது. எல்லாப் பாலிலும் யூரியா உண்டு, தாய்ப்பால் உட்பட. அந்தக் குழாயில் விட்ட மருந்து பாராடைமெத்தில் அமினோ பென்சால்டிஹைடு. யூரியாவோடு சேர்ந்தால் மஞ்சள் நிறம் தரும். கலப்படமில்லாத பாலிலும் இலேசான மஞ்சள் வரும். அதனால்தான் நல்ல பாலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சோதனை முறையிலேயே சொல்லியிருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாலில் இயற்கையாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட மேல் எல்லை 100 மில்லிக்கு 70 மில்லிகிராம் யூரியா. தீவனத்தால் மட்டும் அந்த எல்லையைத் தாண்டுவது அபூர்வம். என் பாலும் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் எண்ணாக யாரும் அளக்கவில்லை. கண்ணால் மஞ்சளைப் பார்த்தார்கள், தீர்ப்புச் சொன்னார்கள்.

அவமானம் ஆறக் கொஞ்ச நாளானது. ஆறிய பிறகு யோசித்தால், அந்த மஞ்சள் எனக்கு ஒரு சேதி சொல்லியிருக்கிறது, அதைப் படிக்கத்தான் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வாழைக்குப் போடும்போது நாம் தழைச்சத்து என்கிறோம். மாட்டுக்குப் போடும்போது அதையே புரதம் என்கிறோம். இரண்டும் நைட்ரஜன்தான். தீவன மூட்டையில் அச்சடித்திருக்கும் புரதச் சதவீதத்தைப் புரதமாக யாரும் அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். அந்தக் கணக்குப்படி 100 கிராம் யூரியா உரத்தில் 287 கிராம் "புரதம்" இருக்கிறது! சிரிக்கலாம். ஆனால் மூட்டையின் மேல் உள்ள எண்ணை மட்டும் நம்பி மாடு வளர்ப்பவர்களுக்கு இது சிரிக்கிற காரியமில்லை.

பசுவின் பெருவயிற்றில், டாக்டர்மார் ரூமன் என்று சொல்வதில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் போடும் புரதத்தில் பெரும்பங்கை அவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அந்த அம்மோனியாவை எடுத்து மறுபடி தங்கள் உடம்பைக் கட்டுகின்றன. அந்த நுண்ணுயிர்களின் உடம்புதான் பின்னால் குடலில் செரித்துப் பசுவுக்கான புரதமாகிறது. இந்த வேலைக்கு மாவுச்சத்தும் அதே நேரத்தில் வேண்டும். இட்லிக்கு அரிசியைக் குறைத்து உளுந்தை மட்டும் அள்ளிப் போட்டால் என்னவாகும்? அதுதான் பிண்ணாக்கை மட்டும் கூட்டுவது. மாவு போதாமல் மிஞ்சிப் போகும் அம்மோனியா பெருவயிற்றின் சுவர் வழியாக இரத்தத்தில் கலக்கும். அது விஷம். ஈரல் அதைப் பிடித்து யூரியாவாக மாற்றும். அப்படி மாற்றுவதற்கும் சக்தி செலவாகும், பாலுக்குப் போயிருக்க வேண்டிய சக்தி. யூரியாவில் கொஞ்சம் எச்சில் வழியாகப் பெருவயிற்றுக்கே திரும்பும். தீவனம் மெலிந்த காலத்தில் பசு உயிர் பிழைப்பது இந்தச் சிக்கனத்தால்தான். மிச்சம் மூத்திரத்தில் போகும். இரத்தத்தில் எவ்வளவு யூரியாவோ அதை ஒட்டியே பாலிலும் இருக்கும். ஊசி குத்தாமல், சந்தேகப்படாமல், பசுவின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க நமக்குக் கிடைத்த ஜன்னல் அது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் கோல்மெனேரோ, பிரோடரிக் என்ற இருவர் செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ஒரே மாதிரிப் பசுக்களுக்கு மொத்த உலர்தீவனத்தில் புரதத்தை 13.5 சதவீதத்திலிருந்து 19.4 வரை படிப்படியாகக் கூட்டினார்கள். 16.5-க்கு மேலே பாலும் கூடவில்லை, பாலின் புரதமும் கூடவில்லை. தின்ற நைட்ரஜனில் பாலாக மாறிய பங்கு 36.5 சதவீதத்திலிருந்து 25.4-க்கு இறங்கியது. மூத்திரத்தில் போன பங்கு 23.8-லிருந்து 36.2-க்கு ஏறியது. அவை நாளுக்கு 36, 38 லிட்டர் கறக்கும் பசுக்கள் என்பதை மறக்க வேண்டாம். 38 லிட்டர் பசுவுக்கே 16.5 போதும் என்றால் நம் பத்து லிட்டர் பசுவுக்கு?

என் மூத்த பசுவை வைத்தே கணக்குப் போட்டேன். பென்சிலும் கன்றுக்குட்டி நக்கிய ஒரு நோட்டும் போதுமாயிருந்தது. எடை 350 கிலோ சொச்சம். உடம்பைக் காக்க 300 கிராம் புரதம், ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 90 கிராம். பத்து லிட்டருக்கு ஆக மொத்தம் 1,200 கிராம். பழைய தீவனம் என்ன? இருபது சதவீத மூட்டையில் ஐந்தரை கிலோ, நேப்பியர் புல் 25 கிலோ, வைக்கோல் 3 கிலோ. கூட்டினால் ஏறத்தாழ 1,620 கிராம் புரதம். மொத்த உலர்தீவனத்தில் 13 சதவீதம். அப்போதே தேவைக்கு மேல்தான் இருந்திருக்கிறது. கடைக்காரப் பெரியவரின் பேச்சும் என் அகத்தியும் சேர்ந்த பிறகு, புல்லைக் கொஞ்சம் குறைத்திருந்தும், 2,290 கிராம். 18 சதவீதம்.

நைட்ரஜனாக மாற்றினால் முன்னால் 260 கிராம், பின்னால் 366 கிராம். பாலில் இறங்கியது முன்னால் 53 கிராம், பின்னால் 56. அதாவது நான் நாள்தோறும் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய நூறு கிராம் சொச்சம் நைட்ரஜனில் மூன்று கிராம்தான் பாலுக்குப் போனது. மற்றதெல்லாம் வாலுக்குக் கீழே. ஒரு வருடத்துக்குப் பெருக்கினால் 38 கிலோ. உரக்கடை யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், மூட்டை 45 கிலோ. ஆக ஒற்றைப் பசுவின் வயிறு வழியாக நான் ஓடையில் விட்டது வருடத்துக்கு இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவான யூரியா. கடையில் மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைப்பதைக் கடலைப் பிண்ணாக்கு விலையில் வாங்கி ஓடையில் விட்டிருக்கிறேன். பக்கத்திலேயே வாழைக்குத் தனியாக உரம் வாங்கியும் போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, சாயாவை மட்டும் ஒரே மடக்கில் குடித்தார்.

சாணத்தில் போகும் நைட்ரஜன் அவ்வளவு மோசமில்லை. அது மெதுவாக மக்கி மண்ணுக்குச் சேரும். மூத்திரத்தில் போவதுதான் நிற்காது. மூத்திரத்தின் யூரியா சாணத்தில் இருக்கும் நுண்ணுயிரைத் தொட்டதும் சில மணி நேரத்தில் அம்மோனியாவாகக் கிளம்பும். விடியற்காலையில் என் கண்ணை எரித்தது அதுதான். மண்ணுக்குள் இறங்குவது நைட்ரேட்டாகித் தண்ணீரோடு போகும். நம் மேற்குப் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். பத்து, பதினைந்து சென்ட் விளையில் வீடு, கிணறு, தொழுத்து, எருக்குழி எல்லாம் ஒன்றையொன்று எட்டித் தொடும் தூரத்தில். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டு தடவை அந்த விளையைக் கழுவி இறக்குகின்றன. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரக் கட்டளை. நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை அப்படி அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

சினை விஷயத்தில் நான் பெரிதாகப் பேச மாட்டேன். சினை நிற்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்லர் என்பவரும் கூட்டாளிகளும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் யூரியா நைட்ரஜன் 100 மில்லிக்கு 19 மில்லிகிராமைத் தாண்டிய பசுக்களில் சினை பிடிப்பது நன்றாகவே குறைந்திருந்தது. யூரியாவாகச் சொன்னால் அது ஏறக்குறைய 40 மில்லிகிராம். கருப்பையின் அமிலத்தன்மை மாறுவது ஒரு காரணம் என்கிறார்கள். நான் பிண்ணாக்கை நிறுத்தி, அகத்தியைக் குறைத்து, மாவுச்சத்துக்காகக் காய்ந்த மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, சேர்த்த மூன்றாம் நாளே தொழுத்தின் நாற்றம் அடங்கிவிட்டது. பால் கால் லிட்டர்கூடக் குறையவில்லை. அடுத்த ஊசியில் சினையும் நின்றது. அதே மாதம் தாது உப்பும் கொடுத்தேன் என்பதால் எதனால் நின்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு "எல்லாருமே புரதத்தைக் குறையுங்கள்" என்று நீங்கள் மைக் கட்டிச் சொல்லிவிடக் கூடாதே என்று பயமாகவும் இருக்கிறது. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அம்மச்சி இருக்கிறார். ஒற்றைப் பசு. மாசி, பங்குனி வெயிலில் வைக்கோலும் ரப்பர்த் தோட்டத்து வரப்பில் அறுத்த முற்றின புல்லும்தான் அதற்குச் சாப்பாடு. வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு சதவீதம். மொத்தத் தீவனத்தில் ஏழு, எட்டுக்குக் கீழே போனால் பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கே பட்டினி, வைக்கோலைச் செரிக்கவும் ஆள் இருக்காது. வயிறு நிறைந்திருக்கும், மாடு மெலியும். நான் ஓடையில் விட்ட பிண்ணாக்கில் கால்வாசி அந்தப் பசுவுக்குப் போயிருந்தால் ஒரு லிட்டராவது கூடக் கறந்திருக்கும். அதே அம்மச்சியின் பசு ஆனி மாதம் மழை விழுந்து இளம்புல் தளிர்த்ததும் கழிய ஆரம்பிக்கும். அப்போது புல்லிலேயே புரதம் அதிகம். மூட்டையும் மாடும் மாறவில்லை, மழை மட்டும்தான் பெய்தது. யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு, எந்த மாதத்தில் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பால் சொல்லும்.

ஆகவே நான் கேட்பது. இப்போது எங்கள் ரசீதில் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்), ரூபாய் என்று வருகிறது. மாதம் ஒரு தடவையாவது அதில் யூரியா எண்ணையும் போடுங்கள். அகச்சிவப்புக் கதிரால் பாலை அளக்கும் பெரிய கருவிகள் கொழுப்பை அளக்கும் அதே ஓட்டத்தில் யூரியாவையும் சொல்லும். அது இல்லாத இடத்துக்குப் பட்டைத்தாள் சோதனைகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் பண்ணைக்காரர்களுக்குப் பால் கணக்கோடு யூரியா எண்ணும் போகிறது. அதைப் பார்த்துத்தான் அடுத்த வாரத் தீவனத்தைத் திருத்துகிறார்கள். நம் கணக்குக்கு 100 மில்லிப் பாலில் 20 முதல் 35 மில்லிகிராம் வரை இருந்தால் பரவாயில்லை. 20-க்குக் கீழே தொடர்ந்து போனால் புரதம் போதவில்லை. 40-ஐத் தாண்டி நின்றால் பிண்ணாக்கு வீணாகிறது, அல்லது மாவுச்சத்து குறைகிறது. இவ்வளவும் ஒரு அட்டையில் எழுதிச் சங்கத்துச் சுவரில் ஒட்டும் அளவுதான்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தீவனம் தின்ற சில மணி நேரத்தில் யூரியா ஏறி, பிறகு இறங்கும். காலைப் பாலும் மாலைப் பாலும் ஒன்றாக இராது. எப்போதும் ஒரே நேரத்துப் பாலை எடுங்கள், ஒற்றை நாளின் எண்ணை வைத்து யாரையும் பிடிக்காதீர்கள். பாலின் புரதத்தையும் கூடவே பாருங்கள். யூரியா ஏறி, பால் புரதம் இறங்கியிருந்தால் பிண்ணாக்கைக் குறைப்பதைவிட மாவுச்சத்தைக் கூட்டுவதுதான் வழி. கலப்படம் என்று சந்தேகம் வந்தால் நிறத்தை வைத்து வரிசையில் நிறுத்திச் சொல்லாதீர்கள். ஆய்வகத்தில் எண்ணை அளந்து, 70-ஐத் தாண்டினால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கலப்படம் செய்கிறவன் இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம் மூட்டை. கடையில் எங்களுக்குக் கிடைக்கும் மாட்டுத் தீவனம் இரண்டு வகை: ஒன்றில் 22 சதவீதம் புரதம், மற்றதில் 20. எங்களுக்கு இது முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு ரயில் டிக்கெட் போலத்தான் சொல்லப்படுகிறது. எத்தனை லிட்டர் கறக்கும் பசுவுக்கு, எந்தப் புல்லோடு, எவ்வளவு என்று எந்த மூட்டையிலும் எங்களுக்குப் புரியும்படி நான் பார்த்ததில்லை. நீங்கள் விற்கும் மூட்டையிலாவது அதை எழுதுங்கள். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் 2012-லிருந்து நடத்திய தேசியப் பால்வளத் திட்டத்தில், கிராமத்து ஆளையே பயிற்றுவித்து, வீட்டுக்கு வீடு போய் மாட்டின் எடை, பால், தீவனம் எல்லாம் கேட்டு, கணினியில் சரிவிகிதத் தீவனம் சொல்லும் ஏற்பாடு இருந்தது. என் தொழுத்துக்கு இதுவரை அப்படி யாரும் வந்ததில்லை. சங்கத்துக்கு ஒரு பெண்ணைப் பயிற்றுவித்தால் போதும், நானே வருகிறேன். தீவனத்தைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆய்வகம் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். நாமும் வருடம் இரண்டு தடவை நம் ஊர் நேப்பியர், ரப்பர்த் தோட்டத்துப் புல், வைக்கோல், தேங்காய்ப் பிண்ணாக்கு நான்கையும் அனுப்பி எண் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய்ப் பிண்ணாக்கைப் பற்றி ஒரு சொல். புரதம் இருபது சதவீதம்தானே என்று அதை நாம் இளக்காரமாகப் பார்க்கிறோம். கடலைப் பிண்ணாக்கின் புரதம் பெருவயிற்றில் சீக்கிரம் கரைந்து அம்மோனியாவாகிவிடும். தேங்காய்ப் பிண்ணாக்கில் நல்ல பங்கு கரையாமல் தாண்டிக் குடலுக்குப் போய்ச் சேரும். நம் ஊர்ச் செக்கில் கிடைக்கும் பொருளை விட்டுவிட்டு வெளியிலிருந்து லாரியில் வருவதற்கு ஓடுகிறோம். மாவுச்சத்துக்கும் நமக்கு மரச்சீனி இருக்கிறது. நறுக்கி, நல்ல வெயிலில் காயவைத்து, கிலோக்கணக்கில் இல்லாமல் அளவாகப் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் கட்டு, அதாவது கிழங்கில் இருக்கும் சயனைடு விஷம், ஏறும். மாவு வேண்டும் என்று சொன்னேன் என்பதற்காகக் கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு வைத்துவிடவும் கூடாது. அப்படி வயிறு உப்பி, அமிலம் ஏறிச் செத்த பசுவை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து புது வைக்கோல் வரும் நேரம், எல்லார் வீட்டுத் தீவனமும் மாறும் மாதம். அளந்து பார்க்கத் தொடங்க நல்ல நேரம் அது. உங்களில் யாராவது ஒருவர் கருவியோடோ பட்டைத்தாளோடோ வருவதென்றால் என் வீட்டிலிருந்தே தொடங்கலாம். காலை ஐந்தரைக்குக் கறப்பேன். மூன்று பசுவின் பாலையும் தனித்தனிக் குப்பியில் எடுத்து வைத்திருப்பேன். அம்மச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் பசுவின் பால் நாலாவது குப்பி.

இப்படிக்கு,
திருவட்டாறு பக்கத்து மூன்று மாட்டுக்காரி